புழுதியிற் பயிலும் பிள்ளைகள்

சென்ற கோடை விடுமுறையில் யான் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியா மாகாணத்தில் வாழும் என் சிற்றப்பா இல்லத்தில் ஐந்து வாரம் தங்கியிருந்தேன். கல்லூரி திறந்த நாள்தொட்டு நண்பர் பலர், சான் பிரான்சிஸ்கோவின் பெரும் பாலத்தைக் கண்டனையோ, திரைப்பட நகரைக் கண்டனையோ என்றெல்லாம் வினவி வருகின்றனர். பாலத்தைக் கண்டேன், அன்று பனிமூட்டம் மிகுந்திருந்தமையால் அதன் பாதியையே கண்டேன். அவற்றைப்பற்றி எழுதுவோர் பலர் உளர். யான் ஈண்டு எழுதப் புகுந்தது, அங்கே இரண்டு இரவும் இரண்டு பகலும் கண்டு, இன்றளவும் என் நெஞ்சைவிட்டு அகலாத ஒன்று. தாய் தந்தையர் தம் சிறு மக்களை நண்பர் குடும்பங்களோடு கூட்டிச் சென்று, மலைச்சாரலிற் கூடாரம் அடித்துத் தங்கி, ஏழு வயதும் ஒன்பது வயதும் உடைய பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி மண்பாதையில் விடுகின்றனர். இச்செயல் தகுமோ, தகாதோ என்பதே என் பொருள்.

முதற்கண் என் மனநிலையைக் கூறிவிடுதல் நேர்மை. இதனைச் சிற்றப்பா தொலைபேசியிற் சொன்னபோதே யான் வெறுத்தேன். பணம் மிகுந்தோர்க்கு வரும் பித்து இது என்றே எண்ணினேன். என் பாட்டியார், "பிள்ளையைப் பேயிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலே பந்தி வைக்கிறானாமா?" என்று கேட்டதை நம் வீட்டார் இன்னும் சொல்லிச் சிரிப்பர். யான் அன்று சிரிக்கவில்லை. பாட்டியார் பக்கமே இருந்தேன்.

நாங்கள் சென்ற இடம் ஹாலிஸ்டர் என்னும் சிற்றூர்க்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள ஹாலிஸ்டர் ஹில்ஸ் என்னும் குன்றுத் தொகுதி. சாலையில் ஓடா வாகனங்களுக்கென்றே மாகாணச் சர்க்கார் 1975-ஆம் ஆண்டு முதல் இதனை வைத்து நடத்தி வருகின்றனர். ஹாலிஸ்டர் என்ற பெயருக்கு மோட்டார் சைக்கிள் சரித்திரத்தில் ஒரு தனியிடம் உண்டு. 1947-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள், அந்நாட்டு விடுதலைத் திருநாளையொட்டி, ஏறத்தாழ நாலாயிரம் மோட்டார் சைக்கிள்காரர் அவ்வூரில் வந்து குவிந்தனர். ஊர் மக்கள் தொகையே அவ்வளவுதான். குடித்தனர்; தெருவிற் பந்தயம் விட்டனர்; பலர் காயமுற்றனர்; சிலர் சிறைப்பட்டனர். 'லைப்' பத்திரிகை அம்மாதமே, வெற்றுப் புட்டிகள் சிதறிக் கிடக்க வண்டிமேற் சாய்ந்திருக்கும் ஒருவனது புகைப்படத்தை வெளியிட்டது. அப்படம் வேண்டுமென்றே ஒழுங்குசெய்து எடுத்தது என்ற ஐயம் பின்னாளில் எழுந்ததுண்டு. எனினும் கெட்ட பெயர் நிலைத்துவிட்டது. 1953-இல் வெளிவந்த 'தி வைல்டு ஒன்' என்ற திரைப்படம் அதனை உலகெங்கும் பரப்பியது. மோட்டார் சைக்கிள் ஏறுவோன் முரடன் என்ற எண்ணம் அங்கே வேரூன்றிய கதை இதுவே.

அவ்வெண்ணத்தை மாற்றியது ஒரு வியாபாரம் என்றால் நம் ஆசிரியர்கள் முகஞ்சுளிப்பர். ஆயினும் உண்மை அதுவே. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஹோண்டா கம்பெனியார் தம் சிறு வண்டிகளில் நல்ல மனிதரையே சந்திக்கலாம் என்று பொருள்பட விளம்பரம் செய்து, தாயும் மகளும் கணக்கரும் அவ்வண்டியில் ஏறிச் செல்வதாகச் சித்திரம் வரைந்தனர். பின்னர்ச் சிறுவர்க்கென்றே 50 கன சென்டிமீட்டர் இயந்திரம் பூண்ட குறுவண்டிகள் வந்தன. 1971-இல் புரூஸ் பிரௌன் என்பார் எடுத்த ஒரு திரைப்படம், சேற்றிலும் மணலிலும் வண்டியோட்டுவது குடும்பத்தார் கூடி மகிழும் விளையாட்டு என்று காட்டிற்று. முரடர் ஊர் என்று பழிக்கப்பட்ட அதே ஹாலிஸ்டருக்கு இன்று தாய்மார் இட்டலிப் பாத்திரத்தோடு போகின்றனர். இட்டலிப் பாத்திரம் என்றது அணியன்று. என் சிற்றன்னையார் உண்மையாகவே கொண்டுவந்தார்.

நாங்கள் மூன்று குடும்பத்தார். பெரியோரும் சிறியோருமாகப் பதின்மூவர். எங்கட்குத் தலைவர் போல் விளங்கியவர் சிற்றப்பாவின் அண்டை வீட்டார். மெக்சிக்கோ நாட்டு மரபினர். தச்சுத் தொழில் செய்பவர். சிற்றப்பாவை இவ்விளையாட்டில் இழுத்துவிட்டவரும் இவரே. வெள்ளி மாலை இழுவண்டியில் ஏழு மோட்டார் சைக்கிள்களைக் கட்டி ஏற்றிப் புறப்பட்டோம். சான் ஹோசே நகரின் நெரிசலைக் கடந்த பின்னர், பழத்தோட்டங்களும் காய்ந்த புல் மூடிய பொன்னிறக் குன்றுகளும் வந்தன. மே மாதத்திலேயே அங்குப் புல் காய்ந்துவிடுகின்றது. குன்றுகளில் ஓக் மரங்கள் தனித்தனியே நிற்கும். முல்லை நிலம் என்பதா, பாலை என்பதா என்று யான் வகுப்பு நினைவில் மயங்கிக்கொண்டிருக்கையில், என் தங்கை (சிற்றப்பாவின் மகள், ஒன்பது வயதினள்), "அண்ணா, இங்கே பூமி ரெண்டா பிளந்திருக்கு, தெரியுமா?" என்றாள். சான் ஆண்ட்ரியஸ் என்னும் பெரும் நிலப்பிளவு அக்குன்றுகளின் ஊடே செல்கின்றது. அண்மையிலுள்ள ஒரு திராட்சரசச் சாலையின் சுவர், நிலநடுக்கம் யாதுமின்றியே, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவில் நகர்ந்து பிளந்து வருவதை 1950களில் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். பிளவின் ஒரு புறத்து மண் கருங்கல் சிதைந்த மணல், மறுபுறம் அத்தகையதன்று. தச்சர் கண்ணை மூடிக்கொண்டு சக்கரம் உருளும் ஓசையைக் கொண்டே எப்புறம் இருக்கின்றோம் என்று சொல்லிவிடுவேன் என்றார். ஓட்டும்போது கண்ணை மூடவேண்டா என்று அவர் மனைவியார் கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலையிற் கண்ட காட்சியே என் வெறுப்பை முதலில் அசைத்தது. ஏழு மணிக்கெல்லாம் பிள்ளைகள் ஐவரும் தத்தம் வண்டியின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தனர். வண்டி ஓட்டுவதற்கன்று, சோதிப்பதற்கு. சக்கரத்தின் காற்றை அளந்தனர். சங்கிலி மிகத் தளர்ந்தோ மிக இறுகியோ உள்ளதா என்று விரலால் அழுத்திப் பார்த்தனர். காற்று வடிகட்டும் பஞ்சினை எடுத்துக் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டுப் பிழிந்து மீண்டும் பொருத்தினர். புகைக்குழாயினுள் பொறி தடுக்கும் வலை இருத்தல் வேண்டும். காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் மலையே எரியும் அன்றோ! புகைக்குழாய் வாயினின்று இருபது அங்குலத் தொலைவில் அளந்தால், 1986-க்குப் பின் செய்த வண்டியின் ஓசை 96 டெசிபலுக்கு மேற்படலாகாது என்பதும் அம்மாகாணச் சட்டம். ஏழு வயதுத் தம்பி, நட்டு ஒன்றை இறுக்க வலிமை போதாமல் முகஞ்சிவந்து நின்றபோது, எவரும் பாய்ந்து சென்று செய்துகொடுக்கவில்லை. நீண்ட பிடியுள்ள திருகுகோலை அவன் கையிற் கொடுத்தனர். அவனே இறுக்கினான். மின்விசிறி பழுதானால் ஆளனுப்பிக் காத்திருக்கும் குலத்திற் பிறந்த யான், பதினைந்து நிமிடம் நின்று அதனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னர் உடை. முழங்கால் அளவுக் காலணி, முழங்கால் முழங்கைக் காப்பு, மார்புக் கவசம், கையுறை, கண்ணாடி, முகத்தையும் மூடும் தலைக்கவசம். புறநானூறு பயில்வோர்க்குப் போர்க்கோலம் பூண்ட சிறார் நினைவிற்கு வருவது இயல்பே. மிகச் சிறியோர் வண்டியில் கியர் மாற்றும் வேலையில்லை. விசையைத் திருகும் அளவுக்கு ஒரு திருகாணியால் எல்லை கட்டியிருந்தனர். பிள்ளை எவ்வளவு திருகினும் தந்தை விதித்த வேகத்துக்கு மேல் வண்டி செல்லாது. பாதைகளும் அவ்வாறே வகுக்கப்பட்டுள்ளன. பச்சை வட்டம் எளியது, நீலச் சதுரம் இடைப்பட்டது, கரிய வைரம் வல்லார்க்கு உரியது. கூடாரங்களுக்கும் மனிதர் கூடிய இடங்களுக்கும் ஐம்பது அடிக்குள் பதினைந்து மைலுக்கு மேல் ஓட்டுதல் குற்றம்.

தங்கை ஓட்டியதை யான் மறவேன். இருக்கையில் அமராமல், மிதிகட்டையில் எழுந்து நின்று, முழங்கை விரித்து, முழங்கால் நெகிழ்த்தி, மேடுபள்ளங்களை வண்டி வாங்கிக்கொள்ளத் தான் ஆடாது சென்றாள். "போக வேண்டிய எடத்தையே பாக்கணும் அண்ணா, பள்ளத்தைப் பாத்தா பள்ளத்துலதான் விழுவோம்" என்று எனக்கும் உபதேசித்தாள். அதைக் கேட்ட பின்னும் யான் பள்ளத்தையே பார்த்தேன். பச்சை வட்டப் பாதையிலேயே இருமுறை விழுந்தேன்.

நண்பகலில் நேர்ந்ததை மறைத்து, இவ்விளையாட்டைப் புகழ்ந்து முடிப்பேனாயின் யான் பொய்யனாவேன். மூன்றாம் குடும்பத்துச் சிறுவன் பன்னிரண்டு வயதினன். அவன் வண்டி 110 கன சென்டிமீட்டர் இயந்திரமும் கியரும் கூடியது. தங்கை அதன்மீது ஆசைகொண்டாள். அவள் கால் நிலத்தில் முற்றும் ஊன்றவில்லை. நுனி விரலே தொட்டது. தச்சர் அப்போது மேற்குன்றிற்குச் சென்றிருந்தார். "ஒரு சுற்றுத்தானே" என்றார் ஒருவர். சிற்றப்பா தயங்கினார்; மகளின் முகத்தைப் பார்த்தார்; இசைந்தார். யானும் அங்கே நின்றேன். கைத்தொலைபேசியில் அதனைப் படமெடுத்துக்கொண்டு நின்றேன். சிறு சரிவொன்றில் இறங்குகையில் வேகம் மிகுதல் கண்டு அஞ்சி, முன்சக்கரத் தடையை இறுகப் பற்றிவிட்டாள். மணலில் முன்சக்கரம் மடிந்தது. அவள் தோளுக்கு மேலாக வீழ்ந்தாள். தலைக்கவசம் தலையைக் காத்தது. ஊன்றிய கையின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

அவள் பெரிதும் அழவில்லை. அழுதவர் சிற்றப்பாவே. ஆஸ்பத்திரிக்குச் சென்று, கட்டுப் போட்டுக்கொண்டு, மாலையில் அவள் வற்புறுத்தலினாலேயே கூடாரத்துக்குத் திரும்பினோம். அன்றிரவு தீயைச் சுற்றி அமர்ந்தபோது தச்சர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "என் பிள்ளைகளுக்கு ஒரே விதி: இரு பாதமும் தட்டையாய் மண்ணில் படாத வண்டி அவர்களுடையதன்று, அழுதாலும் அன்று, சிரித்தாலும் அன்று" என்றார். அவர் சிற்றப்பாவைக் குறைகூறவில்லை. ஆயினும் சிற்றப்பா தலைகுனிந்தே இருந்தார். புளியோதரையும் சோளரொட்டியும் எவரும் தொடாமலே ஆறிக்கிடந்தன.

இனி என் கருத்து. அந்நாட்டுக் குழந்தை மருத்துவச் சங்கத்தார், பதினாறு வயது நிரம்பாதார் இத்தகைய வாகனங்களை, இரு சக்கரமாயினும் நான்கு சக்கரமாயினும், ஓட்டுதல் கூடாதென 2000-ஆம் ஆண்டிலேயே அறிவித்துள்ளனர். முறிந்த எலும்புகளை நாடோறும் கண்டவர் சொல் அது. அதனை எளிதில் தள்ளிவிட எனக்குத் துணிவில்லை. மறுபுறம், சட்டம் மட்டுமே பிள்ளைகளைக் காத்துவிடும் என்பதும் பொருந்தாது. சிறுவர் பொருள்களில் ஈயம் மிகுதல் கூடாதென 2008-இல் இயற்றிய நல்ல சட்டமொன்று, குறுவண்டிகளின் உலோகப் பகுதிகளையும் தன்னுள் அடக்கிவிட்டமையால், 2009-இல் அவ்வண்டிகளின் விற்பனையே தடைப்பட்டது. பிள்ளைக்கேற்ற சிறு வண்டி கிடையாதாயின் தந்தை பெரிய வண்டியைக் கொடுப்பான் என்று பலர் முறையிட்டனர். 2011-இல் அவ்வண்டிகளுக்கு விலக்களித்தனர். வண்டியை எந்தக் குழந்தை நக்கிப் பார்க்கும் என்று அப்போது கேலி செய்தனராம். கேலி கிடக்க, பெரிய வண்டியைக் கொடுத்தால் நிகழ்வது யாது என்பதை யான் கண்ணாற் கண்டேன்.

ஆதலின் யான் கொள்வது இது: காலை ஏழு மணிக்குக் கண்டதும் நண்பகலிற் கண்டதும் ஒரே விளையாட்டு அல்ல. முன்னதில் பெரியோர் பிள்ளையின் அளவை அறிந்திருந்தனர். பின்னதில் பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்தனர். முன்னதை யான் ஆதரிக்கின்றேன். சமநிலத்தில், எல்லை கட்டிய சிறு வண்டியில், பெரியவர் ஒருவர் பக்கத்தே நிற்க. குன்றும் சரிவும் பதினாறு வயது வரை காத்திருக்கலாம். அவை எங்கும் ஓடிவிடா (ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் போக). என் சிற்றப்பா இதற்கு உடன்படார். குன்றில்லையேல் பிள்ளைகட்குச் சலிப்பு வரும் என்பார். வரட்டுமே! சலிப்பால் எலும்பு முறிந்ததாக எந்த மருத்துவரும் எழுதியதில்லை.

ஓசையைப்பற்றியும் ஒரு சொல். பகல் முழுதும் அங்கே பறவைக்குரல் கேளாது. மாலையில் இயந்திரங்கள் அடங்கிய பின்னரே காடைகள் புதரினின்று கூவத் தொடங்கின. மரங்கொத்திகள் ஓக் மரத்தில் துளைதொறும் கொட்டைகளைச் செருகி வைத்திருப்பதைத் தம்பி காட்டினான். அப்போதுதான் மலைக்கு வந்திருக்கின்றோம் என்ற உணர்வே எனக்கு வந்தது. இவ்வாகனங்கள் மண்ணைக் கீறி மழையில் அரிக்கச் செய்கின்றன, அமைதியைக் கெடுக்கின்றன என்று எதிர்ப்போர் கூறுவது மெய்யே. 1972-இல் அதிபர் நிக்சன், மத்திய சர்க்கார் நிலங்களில் இவை ஓடற்குரிய இடம், ஓடலாகாத இடம் என வகுக்குமாறு ஆணையிட்டதும் இதுபற்றியே. கார்னிகி என்னும் வேறொரு வாகனக் களத்தை விரிவாக்க 1990களில் வாங்கிய ஏறத்தாழ 3,100 ஏக்கர் நிலத்தை, நீண்ட வழக்காட்டின் பின், 2021-இல் வாகனமின்றிக் காக்க முடிவு செய்தனர். அம்முடிவு எனக்கு உவப்பே. ஒரு குன்றை வேலியிட்டு விளையாட்டுக்கு விடலாம். விளையாடுவோர் பெருகுந்தோறும் அடுத்த குன்றையும் விடவேண்டும் என்பதற்கு நியாயம் காணேன். மின்கலத்தால் ஓடும் ஓசையில்லா வண்டிகள் இப்போது பெருகி வருகின்றன; அவை வந்தால் ஓசை வழக்கு தீரும், மண் வழக்கு தீராது.

இவ்வளவும் கூறிய பின், நண்பர் சிலர், நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பர். நம் ஊரில் மண்பாதைக் களமும் இல்லை, மார்புக் கவசமும் இல்லை என்பர். யான் எட்டாம் வகுப்புப் பயிலுங்காலை, எந்தையார் உறங்கும் பிற்பகலில் அவருடைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்த் தெருமுனையில் ஓட்டிப் பழகினேன். எவரும் கற்பிக்கவில்லை. தடை எது, எப்போது பிடிப்பது என்பதை விழுந்து கற்றேன். ஒன்பதாம் வகுப்பில் என் தமக்கையைப் பின்னே இருத்தித் தனிவகுப்புக்கு நெடுஞ்சாலை வழியே கொண்டுவிடும் பொறுப்பு என்னுடையதாயிற்று. இருவர்க்கும் தலைக்கவசம் இல்லை. லாரிகள் எம்மை ஒட்டிச் செல்லும். வீட்டார் அதனை ஆபத்தென்று எண்ணவில்லை. உதவி என்று எண்ணினர். பாட்டியாரும் ஒரு சொல் சொன்னதில்லை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வயது வராதார் ஓட்டிக் குற்றம் நேரின் பெற்றோர்க்கு மூன்றாண்டுச் சிறையும் இருபத்தையாயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. எந்தையாரிடம் அண்மையில் இதனைச் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "ஒன்றும் ஆகவில்லையே" என்றார்.

ஒன்றும் ஆகவில்லைதான். ஒன்பது வயதுப் பெண்ணைக் கவசமிட்டு, வேலியிட்ட பாதையில் ஓட்டக் கற்பித்தவர் ஒரு பிழை செய்ததற்கு இரவெல்லாம் உறங்காது கிடந்தார். பதினான்கு வயதுப் பையனை ஒன்றும் கற்பியாது நெடுஞ்சாலையில் விட்டவர் நாடோறும் நன்கு உறங்கினார். இவ்விருவருள் முன்னவரைப் பித்தர் என்று சொல்லிக்கொண்டே யான் விமானம் ஏறினேன்.

தங்கையின் கைக்கட்டு ஆறு வாரத்தில் நீங்கிவிட்டது. சென்ற ஞாயிறு தொலைபேசியிற் பேசினாள். தன் பழைய சிறு வண்டிக்குச் சங்கிலி மாற்றிவிட்டதாகவும், அடுத்த குளிர்காலம் வரை பெரிய வண்டியைத் தொடுவதில்லை எனத் தச்சர் மாமாவிடம் சொல் கொடுத்திருப்பதாகவும் கூறினாள். "அண்ணா, நீ லைசென்ஸ் வாங்கிட்டியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்போ காலேஜுக்கு எப்படிப் போறே?" என்றாள். எனக்கு வயது பத்தொன்பது. விண்ணப்பத்தை நிரப்பி மேசைமேல் வைத்திருக்கின்றேன். பழகுநர் சீட்டு வரும்வரை யான் பேருந்திலேயே வருகின்றேன். அதனால் முதல் மணி வகுப்புக்கு இருமுறை தாமதித்தமைக்கு எம் பேராசிரியர் பொறுத்தருள்வாராக.